ஆடியில் விடாத பஸ்

அந்த போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள், சார். ஓடுகிறதே அந்தப் பச்சை பஸ், கட்டைவிரலால் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களே, அந்த கேமுக்கு விளம்பரம் பார்த்தவன் நான்தான்.

நம்ப வேண்டாம். அவசரமே இல்லை. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நம்பிவிடுவீர்கள்.

பெயர் ரத்தினசபாபதி. கோயம்புத்தூரில் பத்திரிகை விளம்பரம் என்றால் சபாபதி என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் இருபத்தாறு வருடம். பிறகு சொந்தமாக சபா விளம்பர நிலையம். நகைக்கடை திறப்பு, பம்ப்செட், கல்லூரி அட்மிஷன், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் இந்தக் கை வழியாகப் போனதுதான். இப்போது கண்ணீர் அஞ்சலி மட்டும் வருகிறது. செத்தவர்களுக்குத்தான் இன்னும் பத்திரிகை மேல் மரியாதை இருக்கிறது.

இன்று எதற்குப் பொள்ளாச்சி போகிறேன் என்று கேட்க மாட்டீர்களா? நானே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு பெரிய கேம் கம்பெனி ஆலோசகர் தேடுகிறது. நான் எழுதிப் போட்டேன். நாளை மறுநாள் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். போனில் பேசிய பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சார், அந்த பஸ் கேம்ல வேலை பார்த்ததா எழுதியிருக்கீங்க. கடைசியில ஓடற பேர்ப் பட்டியல்ல உங்க பேர் இல்லையே?"

இல்லை. நானும் பார்த்தேன். நாற்பத்து மூன்று பெயர் ஓடுகிறது. டீ போட்டுக் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. தென்னைநார் மில்லில் போன் எடுத்த கணக்குப்பிள்ளை பெயர் இருக்கிறது. ஹாரன் சத்தம் சரியில்லை என்று சொன்ன யாரோ ஒரு திருப்பூர்க்காரர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி, கேம் செய்த பெண்ணிடம் கேட்கத்தான் பொள்ளாச்சி போகிறேன். சண்டை போட இல்லை. பெயர் ஏறினால் சென்னை வேலை. ஏறாவிட்டால் மறுபடியும் கண்ணீர் அஞ்சலி. அவ்வளவுதான் விஷயம்.

இருங்கள் தம்பி, எடுக்கிறேன். பேசிக்கொண்டிருக்கிறோம் இல்லையா? முன்னால் கொடுத்துவிட்டு வாருங்கள். ஓடுகிற பஸ்ஸில் நான் எங்கே போய்விடப் போகிறேன்? இந்தக் கண்டக்டர்களுக்குக் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டால்தான் தூக்கம் வரும்.

எங்கே விட்டேன்? ஆம். நான்கு வருடத்துக்கு முன்னால் திருமலைசாமி கூப்பிட்டு அனுப்பினார். பொள்ளாச்சியில் தென்னைநார் மில் வைத்திருப்பவர், என் பழைய வாடிக்கையாளர். அவருடைய அக்கா மகள் பூங்கோதை. இன்ஜினியரிங் படித்துவிட்டு, நல்ல வேலை கிடைத்தும் போகாமல், கூடப் படித்த லெனின் என்பவனோடு சேர்ந்து மில் மாடியில் உட்கார்ந்து வீடியோ கேம் செய்துகொண்டிருந்தாள். பணம் தாய்மாமன் போட்டது. "பொண்ணு ஏதோ செஞ்சிருக்குதுங்க சபாபதி. நல்லாருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியல. நீங்கதான் அத வித்துக் குடுக்கோணும்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பூங்கோதையின் அப்பா குழந்தைவேல் இதே ரூட்டில் இருபத்திரண்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அதையே கேமாக்கி வைத்திருந்தாள். நீங்கள்தான் கண்டக்டர். பஸ் நிறைய ஆள். அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள், அதாவது கட்டணம் மாறுகிற நிறுத்தம் வருவதற்குள், ஏறியவர்கள் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்து, சில்லறை கொடுத்து முடிக்க வேண்டும். பின்னால் போட்டி பஸ் வருகிறது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் செக்கிங் ஏறுவார். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரைட் போலாம்'.

லெனின் என் கையில் ஒரு போனைக் கொடுத்து, "ஒத்தக் கையிலயே ஆடிப் பாருங்க சார்" என்றான்.

"ஏன், இன்னொரு கைக்கு என்ன?"

"அதுல கம்பியப் புடிச்சிருப்பீங்கல்ல."

கேட்டீர்களா? நின்றுகொண்டு போகிறவனுக்காக கேம் செய்திருக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதவனை நம்பி ஒரு தொழில். நான் ஆடிப் பார்த்தேன். முதல் ஸ்டேஜைத் தாண்ட முடியவில்லை. கேமில் குறை இருக்கிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு பொருளை எங்கே வைத்து விற்கிறோம் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது, சார். வெல்லத்தை நகைக்கடையில் வைத்தால் அதுவும் தங்க விலைக்குப் போகும். போனில் விடுகிற கேமை யார் மதிப்பார்கள்? டீக்கடையில் நிற்கிறவன் ஆடுவான், பஸ்ஸில் போகிறவன் ஆடுவான். தவறாக நினைக்காதீர்கள், உங்களைச் சொல்லவில்லை. கௌரவமானவர்கள் வீட்டில் டிவியோடு சேர்த்து ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், கன்சோல் என்று பெயர். சோபாவில் சாய்ந்துகொண்டு ஆடுவது. அதில்தான் விட வேண்டும் என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை. ஆய்வு செய்தேன். எங்கள் மனமகிழ் மன்றத்தில் சீட்டாடும் நண்பர்கள் நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பேர் வீட்டிலும் அந்தப் பெட்டி இருந்தது. நூற்றுக்கு நூறு. இதற்கு மேல் என்ன புள்ளிவிவரம் வேண்டும்?

குழந்தைவேல் அன்றைக்கு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, பஸ்ஸுல போறவனுக்குத்தானுங்களே ஸ்டேஜுன்னா என்னன்னு தெரியும்? அந்தப் பொட்டி வெச்சிருக்கறவன் கார்ல போறவனுங்களே" என்றார். கண்டக்டர் கண்டக்டர் மாதிரிதான் யோசிப்பார். "அதற்குத்தான் விளம்பரம் இருக்கிறது" என்றேன். திருமலைசாமி தலையாட்டினார். பணம் போட்டவர் தலையாட்டினால் வேலை முடிந்தது.

போனுக்குச் செய்ததைப் பெட்டிக்கு மாற்ற ஏழு மாதம் ஆயிற்று. லெனின் ஒரு நாள் அந்தப் பெட்டியின் கைப்பிடியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "சார், இதுல பதினாறு பட்டன் இருக்கு. நமக்குத் தேவை ஒரே ஒரு விரல்."

"பதினாறு கொடுத்தவன் முட்டாளா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வை" என்றேன்.

வைத்தான். ஒரு பட்டனை அழுத்தினால் கண்டக்டர் வியர்வை துடைப்பார். இன்னொன்றை அழுத்தினால் காதில் பேனாவைச் செருகுவார். பதினாறாவதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அது எனக்காக வைத்தது என்று சொன்னான். எவ்வளவு மரியாதை பாருங்கள், அந்த வயதில்.

பெயரையும் மாற்றினேன். 'ரைட் போலாம்' என்று ஒரு சர்வதேசத் தயாரிப்புக்குப் பெயர் வைப்பார்களா? 'ரோடு எம்பரர்' என்று வைத்தேன். கேமின் முகப்புப் படத்தில் டிக்கெட் கட்டும் விசிலும் வரைந்திருந்தாள் பூங்கோதை. அதை எடுத்துவிட்டு, புஜம் பெருத்த ஓர் ஆளைத் துப்பாக்கியோடு நிறுத்தினேன்.

"சார், நம்ம கேம்ல துப்பாக்கியே இல்லைங்களே" என்றாள்.

"நகைக்கடை விளம்பரத்தில் நடிகை சிரிக்கிறாள். நகை வாங்கினால் நடிகையைக் கொடுக்கிறார்களா?" என்று கேட்டேன். மாடி ஏறிப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விவாதம் செய்ய வராது.

ஈச்சனாரி தாண்டியாயிற்றா? இந்தாருங்கள் தம்பி, சில்லறை தேடிக்கொண்டிருக்கிறேன். ஐந்நூறாகத்தான் இருக்கிறது. நீங்கள் பின்னால் போய்விட்டு வாருங்கள். அதற்குள் எடுத்து வைக்கிறேன்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். அந்தப் பெட்டிக்கு கேம் விற்கிற கடை இருக்கிறதே, அது தெருவில் இருக்கிற கடை இல்லை, டிவியிலேயே திறக்கிற கடை. அதை நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாகக் கேம் செய்கிறவர்களுக்காக ஒரு விழா வைக்கிறோம், உங்கள் கேமைப் பத்து நாள் கடையின் முகப்பிலேயே வைக்கிறோம், காசு வேண்டாம், ஜூலைக் கடைசியில் வெளியிடுங்கள் என்று. பூங்கோதை மாடியிலிருந்து ஓடி வந்தாள். லெனின் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் காலண்டரைப் பார்த்தேன். "ஆடி" என்றேன்.

"அதனால என்னங்க சார்?"

"ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாது."

"ஊரே ஆடித் தள்ளுபடி போட்டு வித்துட்டிருக்குதுங்களே. நீங்க போட்ட விளம்பரந்தானுங்களே அத்தனையும்?"

"விற்கலாம். தொடங்கக் கூடாது."

லெனின் குறுக்கே வந்தான். "சார், அந்தக் கடை முகப்புக்கு உலகம் பூரா பேர் கெஞ்சிட்டு நிக்கறாங்க. வாழ்க்கையில ஒருதடவதான் வரும்."

"ஆடி வருடா வருடம் வருகிறது. அதற்கு என்ன சொல்கிறாய்?" என்றேன்.

திருமலைசாமி என் பக்கம். அவர் மில்லில் ஆடி மாதம் மெஷினுக்குப் புது பெல்ட்கூட மாட்ட மாட்டார், பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டுவார். அந்த விழா எங்களை விட்டுவிட்டு நடந்தது. நாங்கள் ஆவணியில் முதல் முகூர்த்தம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் வெளியிட்டோம். அதே வெள்ளிக்கிழமை வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய கால்பந்து கேம் ஒன்றும் வந்து தொலைத்தது. உலகத்தில் பெட்டி வைத்திருக்கிறவன் எல்லாம் அதை வாங்கிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பெனிக்காரர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, சார். இல்லை, நம்மைப் போலவே பார்த்துத்தான் அந்த நாளைப் பிடித்தார்களோ என்னமோ.

விளம்பரத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. நாற்பது ஆட்டோவுக்குப் பின்னால் பேனர். கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. குத்துவிளக்கு ஏற்றியவர் ஓய்வுபெற்ற வட்டாரப் போக்குவரத்து அதிகாரி. பஸ் சம்பந்தப்பட்ட கேம் இல்லையா, பொருத்தம் பார்த்துத்தான் கூப்பிட்டேன். அவர் ஒரு மணி நேரம் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். அறுநூறு பேர் டிபன் சாப்பிட்டார்கள். அறுநூறு. ஒரு வீடியோ கேமுக்கு இந்த மாவட்டத்தில் அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

பத்திரிகையில் முதல் பக்கம் முழுவதும் விளம்பரம். குடும்பப் பத்திரிகை, துப்பாக்கி ஆகாது என்று, பஸ் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டேன். 'வந்துவிட்டது! இனி உங்கள் பயணமே வேறு' என்று ஒரு வரி. கீழே மில்லின் டெலிபோன் எண். கேம் என்ற சொல்லை வேண்டுமென்றே போடவில்லை. ஆவலைத் தூண்ட வேண்டும். இது ஒரு நுட்பம்.

ஒரே நாளில் நூற்று நாற்பது அழைப்பு, சார். மில்லில் கணக்குப்பிள்ளைக்குச் சாப்பிட நேரமில்லை. எல்லாரும் ஒன்றையேதான் கேட்டார்கள். "பழனிக்கு மொத வண்டி எத்தன மணிக்குங்க?" ஏதோ புது பஸ் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை முதல் நாள் இல்லை, இல்லை என்று சொல்லிப் பார்த்தார். இரண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டைம் எழுதிக்கொண்டு வந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு விளம்பரம் நூற்று நாற்பது பேரை போன் எடுக்க வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் தோல்வியா? நீங்களே சொல்லுங்கள்.

கேம் வாங்கிய ரசீதைக் காட்டினால் எவர்சில்வர் தூக்குப் போசி, அதாவது தூக்குவாளி, இலவசம் என்றும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். முந்நூறு போசி, கேமின் பெயர் பொறித்தது. மில் வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். "கேமெல்லாம் வேண்டாங்கண்ணு. போசி மட்டும் என்ன வெலை?"

விற்றது பதினொன்று. பதினொரு பிரதி. மொய் எழுதுகிற எண், மங்கலமான எண்தான். அதில் நான்கு, நான் ஆய்வு செய்த நான்கு வீடு. என் ஆய்வில் பிழை இல்லை என்பதை அது காட்டுகிறது. மீதி ஏழு பேரில் ஒருவன் கடையிலேயே கருத்து எழுதினான்: 'துப்பாக்கியைத் தேடி இரண்டு மணி நேரம் டிக்கெட் கிழித்தேன்.' அதை லெனின் பெரிதாக அச்சடித்து மாடிச் சுவரில் ஒட்டினான். ஒட்டிவிட்டு பெங்களூர் போய்விட்டான், வேலைக்கு. ஓடுகிற கப்பலிலிருந்து குதிப்பது அவன் சுபாவம்.

பூங்கோதை ஒரு நாள் என் அலுவலகத்துக்கு வந்தாள். மிச்சம் இருந்த போசிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். இருநூற்று எண்பத்தொன்பது. வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "மாமா திங்கக்கெழமையிலிருந்து மில் ஆபீசுல வந்து ஒக்காரச் சொல்லிட்டாருங்க. மாடியைக் குடோனாக்கப் போறாங்க" என்றாள். அப்புறம், "இந்த கேம் போச்சுன்னா எனக்கு வேற கேம் வராதுங்க சார். எனக்குத் தெரிஞ்ச ஒலகம் இந்த ஒரு பஸ்தான்" என்றாள்.

எனக்குக் கல் மனசு இல்லை. நல்ல யோசனை ஒன்று சொன்னேன். "அடுத்த கேமில் நிஜமாகவே துப்பாக்கி வை" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ மனப்பாடம் செய்கிறவள் மாதிரி. பிறகு ஒரு போசியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்றாள். இன்னொருத்தியாக இருந்தால் பேசியிருப்பாள். நல்ல வளர்ப்பு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதிர்ஷ்டம், சார். உழைப்பு ஒன்றும் இல்லை. பகலில் மில்லில் நார்க்கட்டு எண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பழைய போன் கேமைத் தூசி தட்டியிருக்கிறாள். பழைய பெயர், பழைய விசில் படம். பஸ் ரசிகர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வேலை வெட்டி உள்ள ஆட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஸ்டாண்டு வாசலில் கேமராவோடு நின்று பஸ்ஸைப் படம் எடுக்கிறவர்கள். எந்த வண்டி எந்தப் பட்டறையில் பாடி கட்டியது என்று ஹாரனை வைத்தே சொல்வார்கள். அப்படி முப்பது பேருக்கு முதலில் சும்மா அனுப்பியிருக்கிறாள். முப்பது பேரும் சேர்ந்து இருநூறு குறை எழுதினார்கள். இந்த வண்டி ஹாரன் இப்படி இருக்காது, வெள்ளிக்கிழமை கண்ணாடியில் எலுமிச்சம்பழம் எங்கே, பின்படிக்கட்டில் இத்தனை பேர் தொங்க முடியாது, தொங்கினால் இந்தப் பக்கம் சாயும் என்று.

நம் தொழிலில் யாராவது குறை சொன்னால் மறுப்பு வெளியிடுவோம். இவள் ஒவ்வொருவனுக்கும் நன்றி சொல்லி, இருநூறையும் திருத்தி, அவர்கள் ஊர் பஸ்ஸுக்கு அவர்களே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்று வசதியும் செய்து கொடுத்தாள். கடைக்காரர் வாடிக்கையாளர் காலில் விழுவதுதான் இது. விழுந்தாள். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க்காரர்களுக்கு அனுப்பினார்கள். முதல் மூன்று டிரிப் இலவசம், அதற்கு மேல் ஒரு டீ விலை. ஆட்டோ பேனர் இல்லை, குத்துவிளக்கு இல்லை, முகூர்த்தம் இல்லை. வெளியிட்டது எந்த மாதம் என்று நினைக்கிறீர்கள்? ஆடி. வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் பல்லடத்தில் யாரோ ஒரு கண்டக்டர் டீக்கடையில் உட்கார்ந்து இதை ஆடித் தோற்றுப்போகிறார். பக்கத்தில் இருந்த டிரைவர், "ஏப்பா, நெசத்துலயும் இப்பிடித்தான் சில்லறை பாக்கி வெச்சு எறக்கி உடறியா?" என்று கேட்கிறார். அதை ஒருவன் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். அவ்வளவுதான். தமிழ்நாடு முழுவதும் பரவி, பாலக்காடு, யாழ்ப்பாணம் வரைக்கும் போய்விட்டது. அங்கங்கே அவரவர் பஸ்ஸுக்கு அவரவர் பெயின்ட். எத்தனை லட்சம் பேர் ஆடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் வயிறு எரியும். எனக்கில்லை, பொதுவாகச் சொல்கிறேன். லெனின் பெங்களூரிலிருந்து திரும்பி வந்துவிட்டான். மில் மாடி போதவில்லை என்று இப்போது தனிக் கட்டடம்.

இதில் என் பங்கு என்ன என்றுதானே பார்க்கிறீர்கள்? அந்தப் பெண்ணுக்கு எதைச் செய்யக் கூடாது என்று யார் கற்றுக்கொடுத்தது? கன்சோலில் விட்டால் ஓடாது என்று யார் நிரூபித்தது? சொந்தப் பெயரைப் பணயம் வைத்து ஒருவன் தோற்றுக் காட்டியிருக்கிறான். விஞ்ஞானத்தில் இதற்கு மரியாதை உண்டு.

வந்துவிட்டார் மறுபடியும். மூன்று தடவை ஆயிற்றா? எண்ணிக்கொண்டா வருகிறீர்கள், தம்பி? சரி, சரி, சிரிக்காதீர்கள். இந்த வண்டி நேராகப் பழனி போகாதா? பொள்ளாச்சியோடு நிறுத்துவதற்குப் பதில் பழனி வரை விட்டால் எவ்வளவு கௌரவம். முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள். எடுத்து வைக்கிறேன், போய்விட்டு வாருங்கள்.

அவர் ஏன் என்னை அப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்?

நீங்கள் என்ன, அதே ஸ்டேஜில் நிற்கிறீர்கள்? தாண்ட முடியவில்லையா? யாரால், இந்தப் பயணியாலா? காட்டுங்கள். வெள்ளைச் சட்டை, அக்குளில் மடித்த பத்திரிகை, மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு மேலே. நல்ல களையான முகம். என்ன செய்கிறார்? மூன்று தடவை கேட்டாலும் டிக்கெட் எடுக்க மாட்டாரா? நாலாவது தடவைதான் எடுப்பாரா? சிலர் அப்படித்தான். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் எல்லாம் இது தப்பான பஸ் என்று சொல்லி இறக்கிவிடுகிறாரா? நம் ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்களா? எங்கள் மனமகிழ் மன்றத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார், சார். அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். அவளுக்கு அவரை எப்படித் தெரியும்?

தட்டினால் பெயர் வருமா? தட்டுங்கள்.

'ர.ச. மாமா.'

கொஞ்சம் இருங்கள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொள்கிறேன். இன்னொரு தடவை தட்டுங்கள். கையில் ஏதோ வைத்திருக்கிறாரே, பெரிதாக்க முடியுமா?

தூக்குப் போசி.

இல்லை, ஒன்றுமில்லை. ஜன்னல் காற்று, கண்ணில் தூசி. இங்கே ரோடு வேலை எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது. ஒத்தக்கால்மண்டபம் போய்விட்டதா?

அவரை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? ஆடுங்கள், பார்க்கிறேன். விசில். இறங்கிவிட்டார். பஸ்ஸில் இருக்கிற எல்லாரும் கைதட்டுகிறார்களா? நிறைய மார்க் வருகிறதா? ஓஹோ. சீக்கிரம் இறக்கிவிட்டால் இன்னும் அதிகமா? சரி.

சரி, சார். யோசித்துப் பார்த்தால், நாற்பத்து மூன்று பேருக்கும் வெறும் பெயர். கடைசியில் ஓடுகிற பட்டியலை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? எனக்கு மட்டும் உருவம். லட்சக்கணக்கான பேர் தினம் பார்க்கிறார்கள். திருமலைசாமி பணம் போட்டார், அவர் பஸ்ஸில் இருக்கிறாரா? லெனின் இருக்கிறானா? இத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னை ஏற்றியிருக்கிறாள். அன்றைக்கு என் முகத்தை அப்படிப் பார்த்தாளே, இதற்குத்தான். அதை அப்படியே படம் பிடித்து என் எண்ணுக்கு அனுப்புங்கள். கைதட்டுகிற இடமும் வர வேண்டும். மார்க் தெரிய வேண்டாம். சென்னையில் காட்டினால் போதும். பட்டியலில் பெயர் இல்லையே என்று கேட்டாள் இல்லையா, இதை விடப் பெரிய பட்டியல் என்ன இருக்கிறது?

இனி எதற்குப் பொள்ளாச்சி? நான் போய்க் கேட்கப்போக, அவள் சங்கடப்பட்டு இதை எடுத்துவிட்டால்? வேண்டாம். இங்கேயே இறங்கி, எதிர் வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடுகிறேன். சென்னைக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

தம்பி, இந்தாருங்கள், டிக்கெட்டுக்கு. நாலாவது தடவையா? நான் எண்ணவில்லை. கிணத்துக்கடவு ஒன்று. தெரியும், தெரியும், இது நிற்காமல் மேம்பாலத்தின் மேலேயே போகிற வண்டி. எனக்காக ஒரு நிமிடம் பாலத்துக்கு முன்னால் நிறுத்தக் கூடாதா? என்ன, கேமில் வருகிற மாமா மாதிரியே இருக்கிறேனா? மாதிரி இல்லை, தம்பி. நானேதான். வேண்டுமானால் இந்த சாரைக் கேளுங்கள்.

பார்த்தீர்களா, முகம் எப்படி மலர்ந்துவிட்டது. பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி, சார். கலெக்டருக்குக்கூட நடுவில் நிறுத்த மாட்டார்கள். விசில் அடிக்கிறார், கேட்டீர்களா? டிரைவரிடமும் சொல்கிறார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறார். கொஞ்சம் வழி விடுங்கள் அம்மா, இறங்க வேண்டும்.

அந்தப் படத்தை மறக்காமல் அனுப்புங்கள், சார்.

கைதட்டுகிறார்கள். கேட்கிறதா? முன்னால் டிரைவர் சீட்டிலிருந்து, பின்னால் கடைசி சீட்டு வரைக்கும். இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் வாட்ச்மேன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நீங்கள் மட்டும் ஏன் சார் சும்மா இருக்கிறீர்கள்? போனைப் பையில் போட்டுவிட்டுத் தட்டுங்கள்.